இஸ்திரி டீச்சரின் வீட்டுப்பாடம்

கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. குழந்தை அழும், தாயும் தகப்பனும் அதற்காகப் பதில் சொல்வார்கள், முடிந்துவிடும். எட்டு வயதிலோ பன்னிரண்டு வயதிலோ வருகிற பிள்ளையின் கதை வேறு. அதற்கு வாய் இருக்கிறது, புத்தி இருக்கிறது. நம்புகிறேன் என்று அதுவே சொல்ல வேண்டும். எங்கள் கோவிலில் அப்படி வளர்ந்தபின் வருகிற பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு உண்டு. வருடம் முழுக்கப் படித்த பிறகு ஒரு ஞாயிறு காலைப் பூசையில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், முதல் நற்கருணை மூன்றும் அவர்களுக்கு ஒன்றாகக் கிடைக்கும். அந்த வகுப்பை நடத்தியவள்தான் என் மேல்வீட்டுக்காரி.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரப் படுக்கைவிரிப்புகள் கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் போய் அட்டை மாதிரி விறைப்பாக வெளியே வரும். அவற்றை மூலை பிடித்து மடிக்க வேண்டும். மணிக்கட்டு இரண்டிலும் சூடு பட்ட தழும்புகள். வருடக்கணக்காக அதையே செய்து செய்து அவள் உடம்பிலும் ஒரு விறைப்பு வந்துவிட்டது. அவள் உடையில் ஒரு சுருக்கத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவளுக்கு இஸ்திரி டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. அவளுக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது.

நல்ல டீச்சர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஞானஸ்நானப் பாடம் வரும்போது பிள்ளைகளைச் சலவைக்கூடத்துக்கே கூட்டிப்போவாள். ரத்தம் தோய்ந்த விரிப்பு ஒன்றைக் காட்டிவிட்டு, துவைத்து வெளுத்து வந்ததையும் காட்டுவாள். கறை எங்கே போனது என்று கேட்பாள். இந்தத் துணி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை, தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது என்பாள். ஒரு தரம் கேட்ட பிள்ளை அதை மறக்காது.

மாடி வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். முன்பு அவள் தம்பியும் இருந்தான். நகரத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்குகிற வேலை அவனுக்கு. நல்ல பையன், சிரித்த முகம். இளவயதில் கொஞ்ச காலம் குடியில் விழுந்து, அம்மா ஆறுமாதம் பேசாமல் இருந்த பிறகு அடியோடு விட்டவன். கிடங்கில் ஒரு சரக்கு லிஃப்ட் இருந்தது. அதன் மேல்மாடிக் கதவின் கொண்டி உடைந்து பல வாரமாகியிருந்தது. ஆட்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஒரு கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றார். ஒருநாள் தம்பி மூட்டையோடு பின்பக்கமாக நகர்ந்து வந்து அந்தக் கதவில் சாய்ந்தான். கம்பி விட்டுவிட்டது. லிஃப்ட் கீழே இருந்தது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. சூப்பர்வைசர் எழுந்து, பையன் மேல் காலையிலிருந்தே சாராய வாடை அடித்தது, கதவைத் திறக்காதே என்று நானே எச்சரித்தேன், அவன் காதில் வாங்கவில்லை என்று சொன்னார். குரல் தழுதழுத்ததாம். கூட வேலை பார்த்தவர்களுக்கு வயிற்றுப்பாடு, வாயைத் திறக்கவில்லை. பையனின் பழைய பழக்கம் ஊருக்கே தெரியும் என்பதால் அந்தப் பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு முழுக்க அதே பேச்சு. இதில் கொடுமை என்னவென்றால், அம்மாவும் நம்பிவிட்டார். மறுபடியும் குடிக்க ஆரம்பித்து என்னிடம் மறைத்திருக்கிறான் என்று முடிவு கட்டி, மகனின் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அவன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

அவள் மட்டும் நம்பவில்லை. அன்று காலையில் தம்பிக்கு டீ போட்டுக் கொடுத்ததே அவள்தான். அதை யாரிடம் சொல்ல? யார் கேட்பார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்புகளை மடித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். வருடங்கள் போயின.

ஒருநாள் புது வகுப்பு தொடங்கியபோது பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தகப்பனோடு வந்து நின்றாள். அம்மா பிறப்பிலேயே எங்கள் கோவிலைச் சேர்ந்தவள், தகப்பன் அப்படியில்லை. அவர் தலை நரைத்திருந்தது, உடம்பு பெருத்திருந்தது. ஆனாலும் வாசலில் நிழல் விழும்போதே டீச்சருக்கு ஆள் தெரிந்துவிட்டது. அதே சூப்பர்வைசர்.

வணக்கம் டீச்சர், பொண்ணு நிறையக் கேள்வி கேப்பா, கொஞ்சம் பொறுத்துக்கணும் என்று கைகட்டிச் சொன்னார். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. விசாரணை நாளில் அம்மாவுக்குப் பின்னால் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளை அவர் ஏன் பார்த்திருக்கப் போகிறார்? அவர் வந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன், என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

முதலில் அவள் கை சிறுமியின் மேல்தான் விழுந்தது. அடிக்கவெல்லாம் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வி என்றால் அவளுக்கு மூன்று. ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகினால் முதலிலிருந்து சொல்லவைப்பது. மற்றவர்கள் முன்னால், உனக்கு இந்த வருஷம் கஷ்டந்தான், அடுத்த வருஷம் பாக்கலாம் என்பது. பிள்ளை ஏமாந்து அழுதால் தகப்பன் வயிறு எரியும் என்பது கணக்கு. ஆனால் அந்தச் சிறுமி அழுகிற ரகம் இல்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் பிள்ளைகள் அவளை ஏன்பாப்பா என்று கூப்பிட்டார்கள். டீச்சர் தன்மேல்தான் அதிக அக்கறை காட்டுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பிசகினால் அடுத்த வாரம் முழுப் பாடத்தையும் தலைகீழாகச் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுத்தான் போவாள். வெறுக்க வசதியில்லாத பிள்ளை.

ஒருநாள் அவளே வாயெல்லாம் பல்லாக ஒரு செய்தி கொண்டுவந்தாள். அப்பாவும் ஞானஸ்நானம் வாங்கப் போறாரு டீச்சர், பெரியவங்க வகுப்புக்கு சாமியார்கிட்ட போறாரு, நாங்க எல்லாரும் ஒரே நாள்ல என்றாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனாள். சாமியார் சின்ன வயசு; பிள்ளைகளோடு பந்து விளையாடி அங்கியெல்லாம் மண்ணாகத் திரிகிறவர். பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்றால் அதுவரை செய்த பாவமெல்லாம் போய்விடுமா என்று கேட்டாள். அவர் உற்சாகமாக, எல்லாமே போய்விடும், அதுதானே அதன் அழகு என்றார். செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம், செய்ததற்கு வருந்துகிற மனஸ்தாபம் இருந்தால் போதும், தண்ணீரே எல்லாவற்றையும் கழுவிவிடும், இதையெல்லாம் உங்களுக்கா சொல்ல வேண்டும் டீச்சர் என்று சிரித்தார்.

அவளுக்குத் தெரியாததா? வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த விரிப்புப் பாடமே அவளுக்கு வெறுத்துப்போனது. நாக்கு கூசாமல் பொய் சொன்ன ஆள், ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கழுத்தை நீட்டித் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெள்ளையாக வீட்டுக்குப் போவார். செத்தவன் குடிகாரனாகவே கிடப்பான். மறுநாள் சலவைக்கூடத்தில் உருளையை நிறுத்த மறந்து ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டாள். அத்தனை வருட வேலையில் அது முதல் தடவை.

பத்துக் கட்டளைகளை அவள் வாரத்துக்கு ஒன்றாக நடத்துவாள். எட்டாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. வழக்கமாக அந்த வாரம் பென்சிலைத் திருடிவிட்டு இன்னொருத்தன்மேல் பழி போட்ட பையன் கதை ஒன்று சொல்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வருடம் பென்சில் இல்லை. ஒரு கிடங்கு, ஒரு சரக்கு லிஃப்ட், உடைந்த கொண்டி, சுற்றிக் கட்டிய கம்பி. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். மூட்டையோடு பின்னால் நகர்ந்தவனைச் சொன்னாள். எழுந்து நின்று, அவன் குடித்திருந்தான் என்று தழுதழுத்தவரைச் சொன்னாள். மகன் படத்தைக் கவிழ்த்து வைத்த தாயையும் சொன்னாள். யார் பெயரும் சொல்லவில்லை, எந்த இடம் என்றும் சொல்லவில்லை.

ஏன்பாப்பா கை தூக்கினாள். அவர் ஏன் பொய் சொன்னார் என்று கேட்டாள்.

“தெரியல. அதுதான் இந்த வாரம் உங்களுக்கு வீட்டுப்பாடம்,” என்றாள் டீச்சர். “இந்தக் கதைய அப்படியே உங்க அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க. அந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னாருன்னு கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அடுத்த வாரம் இங்க வந்து சொல்லணும்.”

இதை எனக்குச் சொன்னபோது அவள் குரலில் குழைவு எதுவும் இல்லை. வேண்டும் என்றே செய்தேன், வார்த்தை வார்த்தையாக யோசித்துச் செய்தேன் என்றாள். அந்த வாரம் முழுக்க, அவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாளாம். உருளையிலிருந்து விரிப்பு வரவர, இப்போது கம்பி வரைக்கும் சொல்லியிருப்பாள், இப்போது சாராய வாடை வந்திருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாளாம்.

அடுத்த வாரம் மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு பதிலோடு வந்தார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பார் என்றது ஒரு பிள்ளை. ஜெயிலுக்குப் போகப் பயம் என்றது இன்னொன்று. ஏன்பாப்பா கை தூக்கவில்லை. எல்லாரும் போகும்வரை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கடைசி நாற்காலியைக் கையில் பிடித்தபடியே டீச்சர் மேசைக்கு வந்தாள்.

“அப்பா ஒண்ணுமே சொல்லல. சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து வெளிய போயிட்டாரு. அப்புறம் அந்தக் கதைய உங்க டீச்சர் எங்க கேட்டாங்கன்னு கேட்டாரு,” என்றாள். டீச்சரை நிமிர்ந்து பார்த்து, “அது எங்க அப்பாவா டீச்சர்?” என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உன் அப்பாவிடமே கேள் என்று நழுவியும் இருக்கலாம். டீச்சர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “ஆமா. செத்துப்போனது என் தம்பி,” என்றாள்.

சிறுமி கையில் இருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போனவள் தகப்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு ஆம், இல்லை என்று தலையாட்டினாள், அவ்வளவே. அவர் கூப்பிட்டால் வருவாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள், வாய் மட்டும் திறக்காது. கேள்வி கேட்டே வீட்டை ரெண்டாக்குகிற பிள்ளை வாய் மூடிக்கொண்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் தாங்கினார். மூன்றாவது வாரம் வகுப்பு முடிகிற நேரத்தில் அவரே வந்தார். பிள்ளைகள் உட்காருகிற குட்டை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள், வேறு நாற்காலி எடுத்துப் போடவில்லை.

உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை, தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன் என்றார். கம்பி கட்டியது நான்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் முதலாளி என்னை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவியிருப்பார். மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி என்றார். இந்தக் குழந்தைதான் அப்போது வயிற்றில் இருந்தது என்றும் சொன்னார். இதையெல்லாம் டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதாவது இளகும் என்று தானே எதிர்பார்த்தேன், ஒன்றும் இளகவில்லை என்றாள் என்னிடம்.

“என்னை என்ன வேணா செய்யுங்க. பிள்ளைய ஏன் இழுத்தீங்க?” என்று கேட்டார் அவர்.

“வேற எது உங்களுக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியல,” என்றாள் டீச்சர்.

நான் என்ன செய்யணும் என்று கேட்டார் அவர். எங்கள் அம்மாவிடம் வந்து சொல்லுங்கள், என்னிடம் சொன்னது செல்லாது, எனக்குத்தான் முன்பே தெரியுமே என்றாள்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் வந்தார். மகளும் கூட வந்தாள். வேண்டாம் என்றாராம், செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றுவிட்டாளாம். மேல்வீட்டில் நடந்ததை டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். கொண்டி, கம்பி, சாராய வாடை, விசாரணை எல்லாம். முடிந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். இன்னொரு தடவை சொன்னார். அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து படத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அழுவார், கத்துவார், அல்லது மன்னித்தேன் போ என்பார் என்று டீச்சர் எதிர்பார்த்திருக்கிறாள். அம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“எனக்குக் கேட்டுச்சு. ஆனா என் பையன் குடிச்சுட்டு விழுந்தான்னு நீங்க என்கிட்ட மட்டும் சொல்லலையே. இந்தப் படியில ஏறி இறங்குற அத்தனை பேரும் அதைத்தான் பேசினாங்க. ஒவ்வொரு கதவா தட்டி அவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க. கீழ வரைக்கும்.”

அவர் டீச்சரைப் பார்த்தாராம். டீச்சர் எழுந்து கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

மேல்மாடியிலேயே எதிர்வீட்டில் தொடங்கினார்கள். அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள். எந்தப் பையன், எந்த லிஃப்ட் என்று ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பரவாயில்ல, சொல்லுங்க என்று உள்ளிருந்தே அம்மாவின் குரல் வந்தது. சொன்னார். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் காது மந்தம். என்ன, என்ன என்று கையைக் காதருகே வைத்துக் கேட்க, மனுஷன் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சத்தத்தில்தான் நான் கதவைத் திறந்தேன்.

என் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனப்பாடம் செய்த ஜெபத்தைப் போல, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நான் அந்தக் கிடங்குல சூப்பர்வைசரா இருந்தேன். மேல்வீட்டுப் பையன் குடிச்சிருந்தான்னு நான் சொன்னது பொய். லிஃப்ட் கதவு கொண்டி உடைஞ்சிருந்தது. கம்பி போட்டுக் கட்டினவன் நான்.” படிக்கட்டில் நின்று அந்தப் பேச்சைப் பேசியவர்களில் நாங்களும்தானே உண்டு. சரி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

அவருக்கு இரண்டு படி மேலே டீச்சர் வந்துகொண்டிருந்தாள். சுவரைப் பிடிக்காமல், நிமிர்ந்து, ஒரு படி கூடத் தவறவிடாமல் இறங்கினாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த களையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் போல இருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தச் சிறுமி. தகப்பன் ஒவ்வொரு கதவிலும் பேசும்போது அவள் தகப்பனைப் பார்க்கவில்லை; டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கதவும் முடிந்து அவர் தெருவில் போய் நின்றபோது சிறுமி டீச்சரின் பக்கத்தில் வந்தாள்.

“உங்களுக்கு இப்ப சந்தோஷமா இருக்கா டீச்சர்?”

“இருக்கு,” என்றாள் டீச்சர்.

எதற்கும் ஏன் என்று கேட்கிறவள் அன்றைக்குக் கேட்கவில்லை. இறங்கிப்போய்த் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நடந்து போனதை நான் மேலிருந்து பார்த்தேன். ஏதோ பேசிக்கொண்டுதான் போனார்கள்.

விஷயம் சாமியார் காதுக்குப் போகாமல் இருக்குமா? யாரும் கோள் சொல்லவில்லை, டீச்சரே போய்ச் சொன்னாள். பந்து விளையாடுகிற சாமியாருக்குக் கோபம் வரும் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. வந்தது. விசுவாசம் சொல்லிக்கொடுங்கள் என்று உங்கள் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்தால், அதைக் கல்லாக எடுத்து அதன் தகப்பன்மேலேயே எறிந்திருக்கிறீர்கள் என்றாராம். அவள் தலை குனிந்து ஒப்புக்கொண்டாள். வகுப்பை விட்டு விலகிவிடுகிறேன் என்றாள். அந்த வார வகுப்புக்கு ஏன்பாப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, ஆரம்பித்ததை நீங்களே முடியுங்கள் என்றார் சாமியார்.

பிறகு அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அது ரகசியம், என்ன நடந்தது என்று சாமியார் வெளியே சொல்லக் கூடாது. அவள் சொல்லலாம், சொன்னாள். துவைத்த துணிக்கூடையோடு மாடிக்குப் போகிற வழியில், என் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். பிள்ளையை நோகடித்ததற்கு மனஸ்தாபப்படுகிறேன், அது நிஜம். ஆனால் அந்த மனுஷனைக் கதவு கதவாக நிற்கவைத்ததற்கு இல்லை. ராத்திரியும் பகலும் அதை நினைத்துப் பார்க்கிறேன், நினைக்க நினைக்க இனிக்கிறது. அப்படியே சாமியாரிடம் சொன்னேன் என்றாள். அந்த இனிப்பு போக வேண்டும் என்று விரும்புகிறீர்களா, அந்த விருப்பம் இருந்தாலே போதும் என்று அவர் கேட்டாராம். இவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இல்லை என்றிருக்கிறாள். அப்படியானால் மன்னிப்பு கொடுக்க வழியில்லை, அவசரமும் இல்லை, வரும்போது வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்று அனுப்பிவிட்டார். மன்னிப்பு கிடைக்காதவள் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை வாங்கக் கூடாது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொய் சொல்லி வாங்கியிருக்கலாமே, மனஸ்தாபம் என்று ஒரு வார்த்தைதானே என்றேன் நான். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவரும் சாமியாரிடம் போனார், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். நான் யாரையும் பழிவாங்கவில்லையே, திறக்க வேண்டிய வாயைத் திறக்கவைத்தேன், அதில் பாவம் எங்கே என்று எங்களிடம் கேட்டார். அவருடைய மனசாட்சி அப்படி. சாமியாரால் அவரோடு வாதாடி ஜெயிக்க முடிந்திருக்காது.

மீதமிருந்த வகுப்புகளில் டீச்சர் யாரையும் கூடுதலாகக் கேள்வி கேட்கவில்லை. கடைசி வாரம் சடங்கைப் பழக்கினாள். பசாசை விட்டுவிடுகிறாயா என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்க வேண்டும். விட்டுவிடுகிறேன் என்று அது சொல்ல வேண்டும். அதன் செய்கைகளை எல்லாம் விட்டுவிடுகிறாயா? விட்டுவிடுகிறேன். ஏன்பாப்பாவின் முறை வந்தபோது அவள் டீச்சரின் கண்ணைப் பார்த்து உரக்கச் சொன்னாளாம். கேள்வி கேட்ட எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது என்றாள் டீச்சர்.

அந்த ஞாயிறு வந்தது. நான் பாடகர் குழுவில் இருப்பதால் பீடம் முழுக்க எனக்குத் தெரியும். பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக வந்து தலையைக் குனிந்தார்கள். ஒவ்வொன்றின் தோளிலும் ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ கை வைத்திருந்தார்கள். ஏன்பாப்பாவுக்கு அவள் சித்தி. பிள்ளைகளுக்குப் பின்னால் தகப்பன். சாமியார் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நெற்றியில் வழிந்து, மூக்கு நுனியில் சொட்டி, வாய்க்குள்ளும் போனது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நான் பாடிக்கொண்டே டீச்சரைப் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. நெருப்பில் கை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கிறவளின் முகம் அது.

நற்கருணை நேரத்தில் புதுப் பிள்ளைகள்தான் முதலில் போனார்கள். தங்களுக்குப் பின்னால் டீச்சர் வருவாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எப்படிக் கையை நீட்ட வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவள் இடத்தை விட்டு எழவில்லை. கோவில் முழுக்க எழுந்து போய் வந்தது. அவள் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

அதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. டீச்சர் இன்னும் வகுப்பு நடத்துகிறாள், நற்கருணைக்கு மட்டும் இன்னும் எழுந்து போவதில்லை. பிள்ளைகள் அவளிடம் நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஏன்பாப்பா அவளைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், நிற்க மாட்டாள். அவரை மன்னித்துவிட்டாயா என்று டீச்சரிடம் நான் ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றாள். அந்த இனிப்பாவது கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்றேன். சில நாள் குறைந்த மாதிரி இருக்கும், எட்டிப் பார்த்தால் அங்கேயேதான் இருக்கும் என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்கு ஏன்பாப்பாவின் தகப்பன் தாமதமாக வந்தார். இடம் கிடைக்காமல், எல்லாரும் எழுந்து நின்ற நேரத்தில், யாரைத் தாண்டுகிறோம் என்று கவனிக்காமல், டீச்சருடைய வரிசையின் சுவர் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து போனபோது வரிசையில் அவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். வெளியே வர வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் எழுந்தார், தயங்கி நின்றார், திரும்பி உட்காரப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிட்டாள்.